மோட்டார் சைக்கிளின் பின் லைற்றுகளை வீட்டிலே திருத்துதல்

அனலைதீவிலிருந்து யாழ்ப்பாணம் போய்வருகிறவரின் நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் வள்ளம் ஏறி ஊர்காவற்றுறையில் இறங்குகிறார். இறங்குதுறையில் விட்டுவைத்த மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலணை, அல்லைப்பிட்டி, மண்டைதீவுச் சந்தி தாண்டிப் பண்ணைத் தாம்போதியால் நகருக்குள் போகிறார். அலுவல் முடிந்து திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. படகு காத்திருக்காது, வேகமாக வருகிறார். பின்னால் பஸ் வருகிறது, மணல் ஏற்றிய டிப்பர் வருகிறது. நடுவழியில் மாடு குறுக்கே வந்தால் பிறேக் பிடிக்க வேண்டும். ஒழுங்கை ஒன்றுக்குள் வலப்பக்கம் திரும்ப வேண்டும். வலது கையோ அக்சிலறேற்றரிலும் முன் பிறேக்கிலும் இருக்கிறது. அதை நீட்டிக் காட்ட முடியாது. அந்த நேரத்தில் அவருக்காகப் பேசக்கூடியவை வண்டியின் பின்னாலுள்ள மூன்று விளக்குகள் மட்டுமே. அவை பேசாவிட்டால் டிப்பர்காரருக்கு ஒன்றும் தெரியாது.

தீவுப் பகுதி வண்டிகளில் இந்த விளக்குகள்தான் முதலில் செத்துப்போகின்றன. காரணம் உப்புக் காற்று. அதனால் இம்முறை கைவேலைப் பாடத்துக்குப் பின் லைற்றுகளை எடுத்துக்கொள்வோம்.

இதற்குப் பெரிய கராஜ் தேவையில்லை. 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்று, பெற்றோலுக்கும் பற்றரிக்கும் தடை வந்த காலத்தில், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் எங்கள் சனம். துவிச்சக்கர வண்டி டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். அந்தக் கைத்திறன் எங்களிடம் இன்னும் உண்டு. ஆனால் பற்றரியில்லாமல் ஓடிய அந்த நாட்களில், சிக்னல் இல்லாமலும் ஓடலாம் என்ற எண்ணமும் கூடவே வந்துவிட்டது. அன்றைக்கு வீதியில் வாகனம் இல்லை. இன்றைக்கு இருக்கிறது.

வெளிச்சம் ஏன் மங்குகிறது?

பலர் லைற் மங்கியதும் பல்பை மாற்றுகிறார்கள். அல்லது கடைக்குப் போய்ப் புதிதாக வந்த எல்.ஈ.டி. லைற்றை வாங்கிப் பூட்டுகிறார்கள். இரண்டு மாதத்தில் அதுவும் மங்குகிறது. பிழை பெரும்பாலும் பல்பில் இல்லை, ஏர்த்தில் இருக்கிறது.

பற்றரியிலிருந்து மின்சாரம் வயர் வழியாக பல்புக்கு வருகிறது. திரும்பிப் போவதற்குப் பல வண்டிகளில் இரும்புச் சட்டத்தையும் மட்காட்டையுமே நம்பியிருக்கிறார்கள். பல்ப் பிடியைத் தாங்கும் ஆணியும் வொசரும் கறல் பிடித்தால், அந்தத் திரும்பும் வழி அடைபடுகிறது. ஒரு கணக்குப் பார்ப்போம். 12 வோல்ற், 21 வாற் பிறேக் பல்பின் தடை, அது எரியும்போது, ஏறக்குறைய 7 ஓம். கறல் பிடித்த ஆணியில் வெறும் 1 ஓம் தடை சேர்ந்தால் பல்புக்குக் கிடைப்பது ஏறக்குறைய பத்தரை வோல்ற்தான். வோல்ற் எட்டில் ஒரு பங்கே குறைந்தது. வெளிச்சமோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். இழை பல்பின் குணம் அப்படி.

ஏர்த் பிழையைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. சிக்னல் போடும்போது பின் லைற்றும் சேர்ந்து துடிக்கிறதா? பிறேக் பிடித்தால் சிக்னல் லைற் இலேசாகச் சிவக்கிறதா? அப்படியானால் மின்சாரம் தன் வழி அடைபட்டதால் அடுத்த பல்பின் வழியாகத் திரும்பப் பார்க்கிறது என்று பொருள். வேறு எதையும் தொடாமல் ஏர்த்தைத் திருத்துங்கள்.

ஏர்த்துக்கென ஒரு தனி வயர்

முதலில் பற்றரியின் மறை முனையைக் கழற்றிவிடுங்கள். விளக்கு மூடியைத் திறந்து பல்புகளை எடுங்கள். பிடிக்குள் பச்சைக் களிம்பு இருந்தால் தேசிக்காய்ச் சாற்றில் அல்லது வினாகிரியில் நனைத்த துணியால் துடையுங்கள். பின்பு நல்ல தண்ணீர்க் கிணற்று நீரில் நனைத்த துணியால் புளிப்பு முழுவதும் போகத் துடைத்து வெயிலில் காயவிடுங்கள். புளிப்பை அப்படியே விட்டால் அது உப்பைவிட மோசமாக அரிக்கும். உவர்க் கிணற்று நீரைப் பாவிக்க வேண்டாம். மிச்சமுள்ள கறலை மெல்லிய அரத்தாளால் தேய்த்துப் பித்தளை பளிச்சிடச் செய்யுங்கள்.

இனி முக்கிய வேலை. இடது சிக்னல், வலது சிக்னல், பின் லைற் ஆகிய மூன்றின் பிடிகளிலிருந்தும் தனித்தனி வயர் எடுத்து ஒன்றாக முறுக்கி, ஈயம் வைத்து, அங்கிருந்து ஒரே வயரைப் பற்றரியின் மறை முனைக்கே கொண்டுபோய்ப் பூட்டுங்கள். சட்டத்தை நம்ப வேண்டாம். ஹொண்டா வண்டிகளில் ஏர்த் வயர் பச்சை. இடது சிக்னல் செம்மஞ்சள், வலது சிக்னல் இளநீலம், பின் லைற் மண்ணிறம், பிறேக் லைற் பச்சையில் மஞ்சள் கோடு. இந்திய வண்டிகளில் நிறம் வேறு. ஆகவே எதையும் வெட்டுமுன் ஒரு பல்பில் இரண்டு வயர் இணைத்த சோதனை விளக்கால் தொட்டுப் பார்த்து, ஒரு கடதாசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வயரை முறுக்கிக் கறுப்பு ரேப் மட்டும் சுற்றுவது தீவுக்குச் சரிவராது. வெயிலில் அதன் பசை இளகி, உப்புநீர் உள்ளே போய்ச் செம்பு கறுத்துவிடும். ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் மாட்டி, அதற்குமேல் ரேப் சுற்றுங்கள். பிடிக்குள்ளும் ஆணித் தலையிலும் வஸ்லின் இலேசாகப் பூசலாம். விளக்கு மூடியின் அடியில் நீர் வடியும் சிறு துளை இருந்தால் அதை அடைக்காதீர்கள். படகில் வண்டி ஏற்றும்போது தெறிக்கும் நீர் எப்படியும் உள்ளே போகும். போனது வெளியே வர வழி வேண்டும்.

பியூஸ் போனால் சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றிப் போடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பியூசைக் காப்பாற்றி வண்டியை எரிக்கிற வேலை இது. எழுதப்பட்ட அதே அம்பியரில் இன்னொன்றை வாங்கி ஆசனத்தின் கீழ் வைத்திருங்கள்.

எல்.ஈ.டி. பூட்ட விரும்புகிறவர்களுக்கு

எல்.ஈ.டி. கூடாது என்று நாம் சொல்லவில்லை. பற்றரி பலவீனமான பழைய வண்டிக்கு அது நல்லது. நடுக்கத்தில் அறுந்துபோக இழையும் இல்லை. ஆனால் பல்பைக் கழற்றி அதே இடத்தில் எல்.ஈ.டி. யைச் செருகியதும் பல தொல்லைகள் வருகின்றன.

முதலாவது, சிக்னல் துடிக்காமல் நின்று எரியும், அல்லது பைத்தியம் பிடித்ததுபோல் வேகமாகத் துடிக்கும். பழைய பிளாஷர், பல்புகள் எடுக்கும் மின்சாரத்தைப் பார்த்துத்தான் துடிக்கிறது. 10 வாற் பல்ப் இரண்டு சேர்ந்து ஏறக்குறைய 1.7 அம்பியர் எடுக்கும். ஒன்றரை வாற் எல்.ஈ.டி. இரண்டு கால் அம்பியர்தான் எடுக்கும். பிளாஷருக்கு பல்ப் செத்துவிட்டதுபோல் தோன்றுகிறது. நிமிடத்துக்கு 60 முதல் 120 துடிப்பு என்பது ஐக்கிய நாடுகள் வாகன விதிமுறைகளின் அளவு.

கடைக்காரர் இதற்கு றெசிஸ்ரர் தருவார். ஒவ்வொரு 10 வாற் பல்புக்கும் ஈடாக 15 ஓம் றெசிஸ்ரர் ஒன்றைச் சமாந்தரமாகப் பூட்டினால் பழைய பிளாஷர் துடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த றெசிஸ்ரர் 10 வாற்றுக்கு மேல் சூடாகிறது. பிளாஸ்ரிக் மட்காட்டில் கட்டினால் உருகும். மிச்சம்பிடித்த மின்சாரம் முழுவதும் சூடாய்ப் போகிறது. அப்படியென்றால் எல்.ஈ.டி. எதற்கு? எல்.ஈ.டி. க்கென விற்கும் இலத்திரனியல் பிளாஷரை வாங்குவதே சரி. அதன் பி முனை திறப்பிலிருந்து வரும் வயருக்கு, எல் முனை சிக்னல் சுவிச்சுக்கு, ஈ முனை இருந்தால் ஏர்த்துக்கு.

இரண்டாவது தொல்லை பலரைக் குழப்புவது. பிளாஷர் மாற்றியபின் இடது சிக்னல் போட்டால் நான்கு விளக்கும் துடிக்கும்! மீற்றர் பெட்டியில் இரு பக்கத்துக்கும் பொதுவாக ஒரேயொரு பச்சை விளக்கு இருக்கும் வண்டிகளில் இது நடக்கும். அந்தச் சிறு பல்பின் ஒரு கால் இடது வயரிலும் மறு கால் வலது வயரிலும் இருக்கிறது. இடது போட்டால் மின்சாரம் அதனூடாகச் சென்று வலது பல்புகள் வழியே ஏர்த்துக்குப் போகும். பெரிய இழை பல்ப் அந்தச் சிறு மின்சாரத்தில் எரியாது, எல்.ஈ.டி. எரிந்துவிடும். பின்னால் வருகிறவர் எந்தப் பக்கம் என்று எப்படி அறிவார்?

இதற்கு 1 என் 4007 டயோட் இரண்டு போதும், விலை சொற்பம். ஒன்றின் கோடில்லாத கால் இடது வயருக்கு, மற்றதன் கோடில்லாத கால் வலது வயருக்கு. வெள்ளிக் கோடுள்ள கால்கள் இரண்டையும் சேர்த்துச் சிறு பல்பின் ஒரு காலுக்குக் கொடுங்கள். சிறு பல்பின் மறு காலை ஏர்த்தில் பூட்டுங்கள். இப்போது எந்தப் பக்கம் போட்டாலும் அது எரியும். மறுபக்கத்துக்கு மின்சாரம் தாண்டாது.

பின் லைற்றில் ஆபத்து வேறு. பின் லைற் பல்புக்குள் 5 வாற், 21 வாற் என இரண்டு இழைகள் உண்டு. அடியிலுள்ள இரண்டு ஊசிகளும் வேறுவேறு உயரத்தில் இருப்பது தலைகீழாய்ப் பூட்டாமல் இருக்கத்தான். மலிவான எல்.ஈ.டி. சிலவற்றை நெருக்கித் திருப்பினால் மறுபக்கமாகவும் ஏறிவிடும். அப்போது வண்டி எப்போதும் பிறேக் பிடித்தபடி பிரகாசமாய் எரியும். உண்மையாய்ப் பிறேக் பிடிக்கும்போது வித்தியாசமே தெரியாது. லைற் இல்லாத வண்டியைவிட இது மோசம், ஏனெனில் பொய் சொல்கிறது.

சிவப்பு மூடிக்குள் வெள்ளை எல்.ஈ.டி. போட்டால் வெளிறிய இளஞ்சிவப்புத்தான் வரும். சிவப்பு எல்.ஈ.டி. தான் நன்றாகத் தெரியும். ஆனால் அதே பல்ப்தான் கீழேயுள்ள தெளிந்த கண்ணாடி வழியாக இலக்கத் தகட்டுக்கும் வெளிச்சம் கொடுக்கிறது. சிவப்புப் போட்டால் தகடும் சிவக்கும். தகட்டுக்கெனச் சிறு வெள்ளை விளக்கு ஒன்றைத் தனியாகப் பூட்ட வேண்டிவரும். இந்தச் சிரமத்துக்குப் பயந்தால் பின் லைற்றில் பழைய இழை பல்பையே வைத்திருங்கள். அதில் வெட்கமில்லை.

பழைய சிறு ஹொண்டாக்கள் வைத்திருப்பவர்கள் இன்னும் இரண்டு விடயம் பார்க்க வேண்டும். பற்றரி 6 வோல்றா 12 வோல்றா? 12 வோல்ற் எல்.ஈ.டி. 6 வோல்றில் எரியாது. அடுத்து, இயந்திரத்தை ஸ்ராட் செய்யாமல் திறப்பை மட்டும் போடுங்கள். சிக்னல் எரிந்து, முன் லைற்றும் பின் லைற்றும் எரியாவிட்டால், அவை மக்னெற் சுருளிலிருந்து நேரே ஆடலோட்ட மின்சாரம் எடுக்கின்றன. அந்த வயரில் சாதாரண எல்.ஈ.டி. துடிதுடித்து விரைவில் சாகும். இத்தகைய வண்டிகள் சிலவற்றில் முன் பல்ப் போனால், மிஞ்சிய மின்சாரம் முழுவதும் பின் பல்பில் ஏறி அதையும் எரித்துவிடும். இரண்டும் ஒன்றாய்ப் போவதைச் செய்வினை என்று நினைக்க வேண்டாம்.

அலங்காரம் பற்றி

நீண்ட காம்புள்ள சிக்னலைக் கழற்றி, இலக்கத் தகட்டோடு ஒட்டிய சிறு அம்புக்குறி லைற் பூட்டுவது தம்பிமாரின் இப்போதைய விருப்பம். பார்க்க வடிவுதான். ஆனால் இரண்டு சிக்னலும் நெருங்கிவிட்டால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு நடுவில் ஒரு புள்ளி துடிப்பதாக மட்டுமே தெரியும். பின் சிக்னல்கள் இரண்டுக்கும் இடையில் 180 மில்லிமீற்றராவது வேண்டும் என்பது ஐக்கிய நாடுகளின் 53 ஆம் இலக்க விதி. பழைய காம்புகள் அழகுக்காக அல்ல, இதற்காகத்தான் நீட்டியிருந்தன.

நிறமும் அப்படியே. 1968 ஆம் ஆண்டின் வியன்னா வீதிப் போக்குவரத்துச் சமவாயப்படி பின்னால் சிவப்பு, பிறேக்குக்கு அதைவிடப் பிரகாசமான சிவப்பு, திரும்புவதற்குச் செம்மஞ்சள். நீலத்துக்கும் பச்சைக்கும் இடமில்லை. மூடிக்குக் கறுப்புச் சாயம் அடிப்பவர்கள் பட்டப்பகலில் தங்கள் பிறேக் லைற்றை ஒருமுறை பின்னால் நின்று பார்க்க வேண்டும். 2025 சனவரியில் நாடெங்கும் பொலிசார் மேலதிக அலங்கார விளக்குகளைக் கழற்றுவித்தது பலருக்கு நினைவிருக்கும். தண்டத்துக்குப் பயந்து கழற்றியவர்கள் சிலர் பழைய சிக்னலைத் திரும்பப் பூட்டாமல் விட்டிருந்தால், அதையும் கவனியுங்கள்.

செய்து பார்க்க

இளைஞர் கழகங்கள் அடுத்த ஒன்றுகூடலில் உறுப்பினர்களின் வண்டிகளை வரிசையாய் நிறுத்தலாம். ஒருவர் 30 மீற்றர் பின்னே நிற்கட்டும். மதிய வெயிலில் ஒருமுறை, மைம்மலில் ஒருமுறை. வண்டிக்காரர் சொல்லாமல் பிறேக்கும் சிக்னலும் போட, நிற்பவர் என்ன கண்டார் என்று சொல்ல வேண்டும். கையை நிமிர்த்திப் பிடிக்கும் முன் பிறேக், காலால் மிதிக்கும் பின் பிறேக் இரண்டையும் தனித்தனியே பாருங்கள். சில வண்டிகளில் ஒன்றுக்கு மட்டுமே சுவிச் வேலை செய்யும். பிறகு பின் இருக்கையில் ஒருவரையும் ஒரு சாக்கு மூட்டையையும் ஏற்றி அதே சோதனையைச் செய்யுங்கள். மீன் பெட்டி கட்டும் வண்டியென்றால் பெட்டியோடு சோதிக்க வேண்டும். பெட்டி சிக்னலை மறைக்குமானால், காம்பை ஒரு தகட்டுத் துண்டின் மேல் வைத்து வெளியே நகர்த்தி, வயரை அதற்கேற்ப நீட்டிக்கொள்ளுங்கள்.