‘ஹிந்து’ என்ற சொல் வந்த வழி

சென்ற மாதம் ஒரு நாள், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி முகம் வாடி வீடு திரும்பினாள். “தாத்தா, ‘ஹிந்து’ என்றால் திருடன் என்று அர்த்தமாமே! அந்நியர்கள் நம்மைத் திட்டி வைத்த பெயராமே!” என்றாள். நான் தண்டவாளத்தோடு காலம் கழித்தவன். மொழி அறிஞன் அல்ல. இருந்தாலும் நூலகத்தில் தேடிப் படித்து அவளுக்குச் சொன்னதை, நம் சங்கக் குழந்தைகளுக்கும் பயன்படட்டும் என்று இங்கே தருகிறேன்.

இச்சொல்லின் வேர் ‘ஸிந்து’ என்னும் வடமொழிச் சொல். ஆறு என்பது பொருள்; சிறப்பாகச் சிந்து நதியைக் குறிக்கும். வடமொழியில் ‘ஸ’ வரும் இடத்தில் பழைய ஈரானிய மொழிகளில் ‘ஹ’ வரும். ‘ஸப்த’ (ஏழு) அங்கே ‘ஹப்த’. ‘அஸுர’ அங்கே ‘அஹுர’. இது உச்சரிப்புப் பிழை அல்ல, ஒழுங்கான விதி. நாம் வாழும் கன்னட நாட்டிலேயே பார்க்கலாமே! நம் பால் இங்கே ‘ஹாலு’; நம் பத்து ‘ஹத்து’.

அவ்வாறே ஸிந்து ‘ஹிந்து’ ஆயிற்று. சுமார் கி.மு. 500-ல் பாரசீக மன்னன் டேரியஸின் கல்வெட்டு, அவன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் ஒன்றாக ‘ஹிந்துஷ்’ என்பதைக் குறிக்கிறது. அங்கே மதமும் இல்லை, வசையும் இல்லை. அது நாட்டின் பெயர். கிரேக்கர் ‘ஹ’வை விட்டுவிட்டு நதியை ‘இந்தோஸ்’ என்றனர். அதிலிருந்து ‘இந்தியா’ பிறந்தது. ஆக, ஹிந்துவும் இந்தியாவும் ஒரே ஆற்றின் பிள்ளைகள்.

பிற்காலப் பாரசீகக் கவிஞர்கள் இச்சொல்லைக் கருநிறத்தவன், அடிமை, திருடன் என்ற பொருள்களிலும் கையாண்டது உண்மை. பேத்தி கேட்டு வந்தது அதைத்தான். ஆனால் அது பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஏறிய பொருள்; வேர்ப்பொருள் அல்ல.

ஆங்கிலேயர் முதலில் நம்மவரை ‘ஜென்டூ’ என்றும் அழைத்தார்கள். பிற மதத்தவர் என்று பொருள்படும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்தது அது. 1776-ல் ஹால்ஹெட் வெளியிட்ட இந்து தரும சாத்திர மொழிபெயர்ப்பின் தலைப்பிலும் இதுவே உள்ளது. சென்னையில் தெலுங்கருக்கும் தெலுங்கு மொழிக்கும் இப்பெயர் வழங்கியது. பிறகு, பாரசீக வழி வந்த ‘ஹிந்து’ நிலைத்தது. அதனுடன் ‘இஸம்’ சேர்ந்து ‘ஹிந்துயிஸம்’ ஆயிற்று. 1816-லேயே ராஜா ராம்மோகன் ராய் அதை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். நாட்டைக் குறித்த சொல் இவ்வாறு சமயத்தின் பெயராயிற்று.

எல்லாம் கேட்டபின் பேத்தி, “அப்படியென்றால் நம் பெயர் ஓர் ஆறுதானா, தாத்தா?” என்றாள். ஆமாம் என்றேன். மறுநாள் தோழிகளிடம் சொல்ல, ‘ஹாலு’ உதாரணத்தை மட்டும் மறக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டாள்.