பளு தூக்கினால் தலைவலி: சூடுதான் காரணமா?

ஜிம்மில் பளு தூக்கும் இளைஞருக்கும் செம்பனைக் குலைகளை லாரியில் ஏற்றும் தொழிலாளிக்கும் தலை விண்விண்ணென்று தெறித்தால், மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துப் பொந்தியானில் பெரும்பாலும் ஒரே விளக்கம்தான் கிடைக்கும்: உடம்புச் சூடு. இன்னொரு தரப்பு மூளை நரம்பு வெடித்துவிடும் என்று மிரட்டும். இரண்டுமே வலியின் காரணத்தை மருத்துவர் பார்க்கும் முன்பே தீர்மானித்துவிடுகின்றன.

நம்பிக்கை: "சூடு ஏறிவிட்டது, இளநீர் குடித்தால் போதும்."

உண்மை: இதில் பாதி சரி. கடும் உழைப்பின்போதோ அதன் பிறகோ மட்டும் வந்து, 48 மணி நேரத்துக்குள் அடங்கும் தலைவலியைச் சர்வதேசத் தலைவலிச் சங்கத்தின் 2018 வகைப்பாடு தனி நோயாகவே குறிக்கிறது. வெயில் காலத்தில் அது கூடுதலாக வரும் என்றும் சொல்கிறது. ஆண்டு முழுவதும் புழுங்கும் கடலோர ஊரில் சூட்டைச் சந்தேகிப்பது நியாயமே. ஆனால் குளிரூட்டிய ஜிம்மிலும் இந்த வலி வருகிறது. அங்கே மருத்துவர்கள் சந்தேகிப்பது அழுத்தத்தை. மூச்சை அடக்கி முக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, தலையிலிருந்து இரத்தம் இறங்குவது தடைப்படுகிறது. இரத்த அழுத்தமும் எகிறுகிறது. 1985இல் கனடாவின் மெக்டூகல் குழுவினர் 5 உடற்கட்டு வீரர்களின் தமனிக்குள் அளந்து பார்த்தபோது, இரு கால்களாலும் பளுவைத் தள்ளும் பயிற்சியில் சராசரி 320/250ஐத் தொட்டது. சாதாரண அளவு 120/80 என்பதை நினைத்துப் பாருங்கள். இதை இளநீர் இறக்கிவிடாது. நீரிழப்பும் தலைவலி தரும் என்பதால் தண்ணீர் தேவைதான். ஆனால் தாகத்தை மீறிக் குடம் குடமாகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, அதுவே தலைவலியாக முடியலாம்.

நம்பிக்கை: "பனடோல் போட்டதும் போய்விட்டது. அப்படியானால் ஆபத்தில்லை."

உண்மை: மாத்திரைக்கு வலி அடங்குவது காரணத்தைச் சொல்லாது, ஆபத்தான காரணத்தால் வரும் வலியும் தற்காலிகமாகத் தணியலாம். 1968இல் ரூக் என்ற மருத்துவர் உழைப்புத் தலைவலி உள்ள 103 பேரைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வில், 10 பேருக்கு மண்டைக்குள் வேறு கோளாறு இருந்தது. 1996இல் ஸ்பெயினின் பாஸ்குவால் குழு ஆராய்ந்த 28 பேரில் 12 பேருக்கு வலியின் பின்னால் வேறு நோய் இருந்தது. பெரும்பாலானவர்களுக்கு அது மூளையைச் சுற்றிய இரத்தக்கசிவு. "இவர்கள் மருத்துவமனைக்கு வந்தவர்கள், ஊரில் வலியோடு நடமாடும் எல்லோருக்கும் இந்தக் கணக்குப் பொருந்துமா?" என்று கேட்கலாம். பொருந்தாது. வெளியே இருப்பவர்களில் ஆபத்தானவர்களின் பங்கு குறைவாகவே இருக்கும். ஆனால் அந்தச் சிலரில் தாம் ஒருவரா என்பதை முதன்முறை வலி வரும்போது எவராலும் தாமாகக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் முதல் தடவை வரும்போது இரத்தக்கசிவும் கழுத்துத் தமனிக் கிழிசலும் இல்லை என்று உறுதிசெய்யும்படி மேற்சொன்ன வகைப்பாடு வலியுறுத்துகிறது. எல்லோருக்கும் ஒரே பரிசோதனை தேவைப்படாது. வயது, வலி தொடங்கிய விதம், இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்து ஸ்கேன் வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்வார். நடுவயதைத் தாண்டியவருக்கு உழைக்கும்போது மட்டும் வந்து ஓய்வில் அடங்கும் தலைவலி, அரிதாக, இதய நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

நம்பிக்கை: "ஒருமுறை வந்துவிட்டால் இனிப் பளுவையே தொடக்கூடாது."

உண்மை: வேறு நோய் இல்லை என்று உறுதியானபின் இந்தத் தடைக்கு அடிப்படையில்லை. அந்த வகைத் தலைவலி பலருக்குக் காலப்போக்கில் தானாகவே குறைகிறது. சில வாரங்கள் எடையைக் குறைத்து, நிதானமாக உடலைச் சூடுபடுத்தி, தூக்கும்போது மூச்சை வெளியே விட்டால் மீண்டும் வரும் வாய்ப்பு குறையும். போட்டி வீரர்கள் மூச்சை அடக்கித்தானே தூக்குகிறார்கள் என்று பயிற்சியாளர்கள் கேட்பார்கள். உண்மைதான், மிகப் பெரிய எடையில் அந்த ஒரு நொடி அடக்கம் முதுகெலும்பைத் தாங்குகிறது. நடுத்தர எடையைப் பத்துப் பன்னிரண்டு முறை தூக்குபவருக்கு அந்தத் தேவை இல்லை. பிறகும் தொல்லை நீடித்தால் இண்டோமெத்தசின் போன்ற மருந்துகள் உண்டு. வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியவை என்பதால் அவற்றை மருத்துவர்தான் தரவேண்டும்.

ஆகவே சூடு என்று ஒதுக்கவும் வேண்டாம், பயந்து பயிற்சியைக் கைவிடவும் வேண்டாம். முதல் முறை வந்தால் பளுவைக் கீழே வைத்துவிட்டுக் கிளினிக்குக்குப் போங்கள். ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் வலி, வாந்தி, கழுத்து விறைப்பு, மயக்கம், பார்வை இரட்டையாகத் தெரிதல், கைகால் தளர்ச்சி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 999ஐ அழையுங்கள். மூளை அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் ஜொகூர் பாருவுக்குச் சுமார் 60 கிலோமீட்டர் போகவேண்டியிருக்கும். தைலம் தேய்த்துப் பார்ப்பதில் அந்த நேரத்தை இழக்காதீர்கள்.