விவரப் பலகையில் நம் ஊர்

திருத்தணி மலைமீது ஏறி நின்று நோக்கினால் சுற்றிலுமுள்ள வயல்களும் ஏரிகளும் ஒருங்கே தென்படும். எந்த ஏரியில் நீர் உண்டு, எது வற்றிக் கிடக்கிறது என்று ஊர் ஊராக நடந்து கேட்க வேண்டுவதில்லை. கிராமங்களிலிருந்து வந்து குவியும் மனுக்களையும் கணக்குகளையும் அவ்வாறு ஒரே பார்வையில் காட்டும் கணிப்பொறிச் சாதனமே டாஷ்போர்டு எனப்படும் விவரப் பலகை.

அதன் பின்னே ஒரு தேடுபொறி உள்ளது. பெரிய நூல்களின் இறுதியில் சொல்லடைவு இருப்பதை நாம் கண்டிருக்கிறோம். 'கிணறு' என்னும் சொல் எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது என்று அது கூறும். தேடுபொறியும் தன்னிடம் வரும் ஒவ்வொரு மனுவுக்கும் இத்தகைய அடைவை எழுதிக்கொள்கிறது. ஆகையால் லட்சம் மனுக்களுள்ளும் மோட்டார் பழுது பற்றியவற்றை விரைவில் பொறுக்கி, ஊர்வாரியாக எண்ணித் தருகிறது. அதனைக் கோடாகவும் கட்டமாகவும் வரைவது பலகையின் வேலை.

2010-இல் வெளிவந்த எலாஸ்டிக்சர்ச் இத்தகைய தேடுபொறி; கிபானா அதற்குரிய பலகை. கிபானாவிலிருந்து 2014-இல் கிளைத்தது கிராஃபானா. இவை திறந்த மூலமாக, அதாவது எவரும் படித்துத் திருத்தி விலையின்றிக் கையாளும்படி வெளியிடப்பட்டவை. முதலிரண்டையும் உடைய நிறுவனம் 2021-இல் நிபந்தனைகளை இறுக்கியபோது, பழைய மூலத்திலிருந்தே ஓப்பன்சர்ச் என்பது கிளைத்தது. விதையைக் குதிரில் சேமித்த குடியானவன் விதைக் கடைக்காரனை எதிர்பார்ப்பதில்லை அல்லவா? பெங்களூர் ஈகவ் அறக்கட்டளையின் டிஜிட் என்னும் திறந்த மூல அமைப்பும் இம்முறையையே தழுவியது. பஞ்சாப் நகராட்சிகள் அதனைக் கையாண்டுள்ளன.

இனி, ஊராட்சி உறுப்பினர்கள் கருத்தூன்ற வேண்டியவை இரண்டு.

நம் வட்டாரம் 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு இணையும் வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலியிலும் தெலுங்கு ஒலியிலும் வழங்குவோர் இங்கு உண்டு. ஆங்கில எழுத்தில் பதியும்போது ஒரே ஊர் மூன்று விதமாகிவிடுகிறது. பொறி அவற்றை மூன்று ஊர்களாகவே எண்ணும். முப்பது குறைகள் பத்துப் பத்தாகப் பிரிந்து மூன்று சிறு கட்டங்களாகத் தோன்ற, பெருங்குறையுள்ள ஊர் மறைந்துபோகும். இதற்கு மருந்து எளிது. மத்திய ஊராட்சி அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவில் ஒவ்வோர் ஊராட்சிக்கும் தனி எண் உண்டு. பெயரோடு அவ்வெண்ணையும் பதிவதே முறை.

மற்றொன்று நம் சொந்தப் பிழையிலிருந்து கற்றது. ஒரு கூட்டத்தில், குடிநீர்க் குறை ஒன்றுமே காட்டாத ஓர் ஊராட்சியை நாம் வாயாரப் பாராட்டினோம். கூட்டம் முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு மூதாட்டி எழுந்து வந்து, "ஐயா, இருபது நாளா தொட்டிக்குத் தண்ணியே ஏறல" என்றார். விசாரித்தால், குறைகளெல்லாம் தொட்டி இயக்குபவரின் நோட்டுப் புத்தகத்திலேயே கிடந்தன. கணிப்பொறிக்கு ஒன்றும் செல்லவில்லை. பலகையிலோ அவ்வூருக்கு நேரே சுழியம். பழுது பார்ப்போர் உயர்ந்த கட்டமுள்ள ஊர்களுக்கே சென்றுகொண்டிருந்தனர். பதியாமையும் குறையின்மையும் பலகைக்கு ஒன்றே. அந்த வேறுபாட்டை அறிந்தவர் ஊரிலிருப்பவரே.

ஆகவே அடுத்த கிராம சபைக்கு வரும்போது குறைப் பதிவேட்டையும் உடன் கொணர்க. அதில் எத்தனை, பலகையில் எத்தனை என்று சபையோர் முன்னிலையிலேயே எண்ணிப் பார்த்து, குறைவுபட்டவற்றை அன்றே பதியச் செய்க.