நெல்லுக்கு உரமாகும் நீர்ப்பெரணி

நெல் வயலில் தேங்கி நிற்கும் நீரின் மேல் பச்சைப் பாய் விரித்தாற்போல் படரும் சிறு செடி அசோலா. பூவும் விதையும் இல்லாத இது பெரணி வகையைச் சேர்ந்தது. இதன் இலைக் குழிகளில் வாழும் நீலப்பச்சைப் பாசி, காற்றிலுள்ள தழைச்சத்தை ஈர்த்துச் செடிக்குக் கொடுக்கிறது.

நடவு செய்த 3 முதல் 5 நாட்களுக்குள் ஏக்கருக்கு 100 கிலோ அசோலாவைச் சீராகத் தூவ வேண்டும். வயல் முழுவதும் மூடியதும், களையெடுக்கும்போது நீரை வடித்து, சேற்றில் நன்கு மிதித்து விட வேண்டும். இதுதான் முக்கியம். மிதந்துகொண்டிருக்கும் வரை பயிருக்குக் கிடைக்கும் சத்து சொற்பமே. மட்கினால்தான் முழுப் பயன் உண்டு. ஏக்கருக்கு 4 டன் அளவு மட்கினால், சுமார் 10 கிலோ தழைச்சத்து மண்ணில் சேரும். இது ஏறக்குறைய 22 கிலோ யூரியாவுக்குச் சமம்.

அசோலா வறட்சியைத் தாங்காது. நீர் வற்றினால் காய்ந்துவிடும். கடும் வெயிலிலும், மணிச்சத்துக் குறைவிலும் செடி சிவந்து வளர்ச்சி குன்றும். ஆகவே தூவும் சமயத்தில் சிறிதளவு சூப்பர் பாஸ்பேட் இடுவது நல்லது.

கோடையில் மர நிழலில் சிறு பாத்தி அமைத்து, சுமார் அரை அடி நீர் நிறுத்தி, கொஞ்சம் அசோலாவைக் காப்பாற்றி வைக்கலாம். அவ்வப்போது ஒரு பகுதியை அள்ளி, நெருக்கத்தைக் குறைக்க வேண்டும். அடுத்த போகத்துக்கு வேண்டிய வித்து, செலவில்லாமல் கையிலேயே இருக்கும்.