பூச்சு மெலிதாக இருக்கட்டும்

அன்புத் தங்கைக்கு,

எந்த ஏர்பிரஷ் வாங்கலாம் என்று கேட்டு, நீ செய்த டி-72 டாங்கி மாதிரியின் படங்களையும் அனுப்பியிருந்தாய். நெடுநேரம் பார்த்தேன். ஒட்டிய இடம் தெரியவில்லை. சக்கரங்கள் ஒரே கோட்டில் நிற்கின்றன. ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டிப் பழகிய கை என்று சொல்லாமலே விளங்குகிறது. பெயிண்ட் மட்டும் கனத்துவிட்டது. பீரங்கிக் கூடான டரட்டின் மேலுள்ள சின்னச் சின்ன போல்ட்டுகள் பாதி மூழ்கிக் கிடக்கின்றன. ஸ்பிரே டப்பாவை விட்டு ஏர்பிரஷுக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதியிருக்கிறாய். கருவி கொஞ்சம் உதவும். மீதியைக் கைதான் கற்றுக்கொள்ள வேண்டும். அந்தக் கல்வி கிடைக்கும் இடம் நீ தினமும் வேலைக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் உன்னைப் போல் தொடங்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்றே வெளிப்படையாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. உன் மாதிரி 35-இல் ஒரு பங்கு அளவு. அதன் மேல் 0.1 மில்லிமீட்டர் கனத்துக்குப் பெயிண்ட் ஏறினால், நிஜ டாங்கியில் அது மூன்றரை மில்லிமீட்டர் கனம். எந்த ராணுவமும் அப்படிப் பூசுவதில்லை. பார்ப்பவருக்குக் கணக்குத் தெரியாது, ஆனால் கண் கண்டுபிடித்துவிடும், இரும்பு பொம்மையாகிவிடும். இந்த 35 என்ற எண்கூட ராணுவ வரைபடத்திலிருந்து வந்ததில்லை. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் டமியா நிறுவனம் பேந்தர் டாங்கியை மாதிரியாகச் செய்தபோது, மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்க எவ்வளவு இடம் வேண்டுமோ அதற்கேற்ப அமைந்த அளவு அது. பிறகு உலகமே அதைப் பின்பற்றியது. அளவு எப்படி வந்திருந்தாலும், ஏற்றுக்கொண்ட பிறகு பெயிண்டும் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

மெல்லிய பூச்சு என்றால் என்ன என்று நம் ஊருக்கு யாரும் வெளியிலிருந்து வந்து கற்பிக்க வேண்டியதில்லை. நான் வேலை பார்த்ததெல்லாம் தோல் பதனிடும் டேனரியின் ஃபினிஷிங்கில்தான். நல்ல ஃபுல் கிரெயின் தோலுக்கு மதிப்பே அதன் கிரெயினில், அதாவது மேற்பரப்பின் இயற்கை வரிகளில், இருக்கிறது. பிக்மென்ட்டைக் கொஞ்சம் அதிகமாக ஏற்றினால் குறை மறையும், கூடவே கிரெயினும் மறையும். கடைசியில் தோல், ரெக்சின் போல ஆகிவிடும். அதனால்தான் ஒரே கனமான கோட் அடிக்காமல், குறுக்கும் நெடுக்குமாகக் கிராஸ் கோட் அடித்து, உலரவிட்டு, மறுபடி அடிக்கிறோம். உன் டாங்கியின் போல்ட்டும் வெல்டிங் தடமும்தான் அதன் கிரெயின்.

உன் கம்பெனிக்குத் தோல் வரும் டேனரியில் அனுமதி வாங்கி, ஒரு நாள் ஃபினிஷிங் லேபில் நில். பெரிய ஸ்பிரே மெஷினை விட்டுவிடு. சாம்பிளுக்குக் கையால் அடிப்பவரைப் பார். தோலின் ஓரத்துக்கு வெளியிலேயே டிரிகரை அழுத்தத் தொடங்குவார், மறு ஓரத்தைத் தாண்டிய பிறகுதான் விடுவார். ஸ்பிரே கன் தோலிலிருந்து எப்போதும் ஒரே தூரத்தில் போகும். மணிக்கட்டு வளையாது, முழங்கையும் தோளும் சேர்ந்து நகரும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதி மேல் ஏறும். அடிப்பதற்கு முன் கலவையை ஃபோர்டு கப்பில் ஊற்றி, அடித் துளை வழியாக எத்தனை வினாடியில் வடிகிறது என்று பார்ப்பார். ‘பால் பதம்’ என்று வாயால் சொல்வதை அவர் வினாடியில் சொல்கிறார். உனக்கு ஃபோர்டு கப் வேண்டாம். ஆனால் அந்தப் பழக்கம் வேண்டும். இத்தனை சொட்டுப் பெயிண்ட், இத்தனை சொட்டுத் தின்னர் என்று ஒவ்வொரு நிறத்துக்கும் நோட்டில் எழுதி வை. அடுத்த மாதம் அதே நிறம் மறுபடி வேண்டும்போது அந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். டபுள் ஆக்‌ஷன் ஏர்பிரஷ் வாங்கு. விரலால் கீழே அழுத்தினால் காற்று, பின்னுக்கு இழுத்தால் பெயிண்ட். இரண்டும் தனித்தனியாகக் கைக்கு அடங்கும். பெயிண்ட் கிண்ணம் மேலே இருக்கட்டும். கொஞ்சம் பெயிண்டே போதும், கழுவவும் எளிது. நாசில் 0.3 மில்லிமீட்டர் இருந்தால் அடிப்பூச்சு, நிழல் இரண்டுக்கும் ஆகும். 0.2 நாசில் ஆசை காட்டும். நம் ஊர் வெயிலில் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். ஜப்பானின் இவாட்டா, ஜெர்மனியின் ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் இரண்டும் நல்ல கருவிகள், விலையும் அதிகம். முதல் வருடத்துக்கு அவை தேவையில்லை. அந்தப் பணத்தைக் கம்ப்ரஸரில் போடு. காற்றைச் சேமிக்கும் சிலிண்டர், பிரஷர் காட்டும் கேஜ், தண்ணீரைப் பிடிக்கும் மாய்ஸ்சர் டிராப் மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஐப்பசி மழையில் காற்றோடு வரும் ஒரு துளி நீர் ஒரு வார வேலையைக் கெடுத்துவிடும். டேனரி கன்னுக்கு வைக்கும் பிரஷரை இதற்கு வைக்காதே. 15 முதல் 20 பிஎஸ்ஐ போதும்.

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கத்திரி வெயிலில் வேலூர்ப் பக்கம் 40 டிகிரியைத் தாண்டும். அப்போது அக்ரிலிக் பெயிண்ட் ஊசி முனையிலேயே காய்ந்துவிடும். தாண்டி வந்தாலும் காற்றிலேயே உலர்ந்து மாவாகப் படியும். தொட்டால் உப்புத்தாள் போல இருக்கும். அதிகாலையில் அடி. உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில சொட்டுச் சேர். மாதிரிக்கும் முனைக்கும் இடையே தூரத்தைக் குறை. ஊசி முனையை ஈரப் பஞ்சால் அவ்வப்போது துடைத்துக்கொள். மாதிரியின் மேல் அடிப்பதற்கு முன், வழவழப்பான அட்டையில் புள்ளியும் கோடும் போட்டுப் பழகு. ஒரே அளவுப் புள்ளிகளை வரிசையாக வைக்க வந்துவிட்டால் கை தயார். அதற்கு முன் மாதிரியை சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்திருக்க வேண்டும். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை இருந்தால் எதுவும் பிடிக்காது. பிரைமர் காய்ந்த பின், கண்ணில் படாத அடிப்பக்கத்தில் டேப் ஒட்டி இழுத்துப் பார். தோலுக்கு ஒட்டுதல் சோதனை செய்யாமல் நாம் அனுப்புவதில்லை அல்லவா?

மற்றக் கருவிகளுக்காகப் பணத்தைக் கொட்டாதே. நல்ல நிப்பர், ஒரு கத்தி, 400, 600, 1000 எண் உப்புத்தாள், கைத் துளைப்பான், சாமணம், இரும்பு ஸ்கேல் இருந்தால் போதும். மீதி உன் வேலையிடத்தில் ஏற்கெனவே புழங்குகிறது. பேட்டர்னில் கோட்டைப் பதிக்க உருட்டும் முள் சக்கரத்தை நீ அறிவாய். டாங்கி மாதிரிக்கென்று விற்கும் ரிவெட் சக்கரமும் அதே குடும்பம்தான். பற்களின் இடைவெளிதான் நெருக்கம். டிவைடர் பிடிக்கத் தெரிந்தவளுக்கு வளைந்த தகட்டில் அளவு மாற்றுவது சிரமமே இல்லை. வெட்டுத்துண்டுத் தோல் ஒன்றை மரக்கட்டையில் கரடான பக்கம் மேலே வரும்படி ஒட்டி, பாலிஷ் பேஸ்ட் தடவி வை. கத்தியை அதில் பின்னோக்கி இழுத்துத் தீட்டினால் பிளேடு பல நாள் உழைக்கும்.

ஒன்றை மட்டும் செய்யாதே. கையில் தோல் இருக்கிறதே என்று டாங்கியின் தார்ப்பாயைத் தோலில் செய்யத் தோன்றும். ஸ்கைவிங்கில் 0.4 மில்லிமீட்டர் வரை சீவினாலும், 35 மடங்கில் அது 14 மில்லிமீட்டர் கனத் தார்ப்பாய். கிரெயினும் முதலைத் தோல் போலப் பெரிதாகத் தெரியும். டிஷ்யூ காகிதத்தை நீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்துப் போர்த்து; மடிப்பு தானாக விழும்.

இனி நான் கண்டிப்போடு சொல்வது. ஃபினிஷிங் செக்‌ஷனிலிருந்து லேக்கரையோ, பூச்சை இறுக்கும் கிராஸ்லிங்கரையோ வீட்டுக்குக் கொண்டுபோகாதே. சில கிராஸ்லிங்கர்களில் உள்ள ஐசோசயனேட் புகையாக மூச்சில் போனால் ஆஸ்துமா வரும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு சிறிதளவும் தாங்காது. தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கிலேயே இரு. அதற்கும் ஜன்னலுக்கு வெளியே காற்றைத் தள்ளும் ஒரு ஃபேன் பெட்டி செய்துகொள். தின்னர் புழங்கும் நாளில் கார்பன் கார்ட்ரிட்ஜ் உள்ள ரெஸ்பிரேட்டர் போடு. துணி மாஸ்க் தூசியைத் தடுக்கலாம், ஆவியைத் தடுக்காது. வீட்டில் குழந்தை இருந்தால் அந்த அறையில் அடிக்கவே வேண்டாம்.

கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாதே. கையளவு தண்ணீர்தானே என்று தோன்றும். டேனரிக் கழிவால் நம் பாலாறும் கிணறுகளும் பட்ட பாடு உனக்குத் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம் என்று தீர்ப்பளித்தது. இந்தியா முழுதும் மேற்கோள் காட்டும் அந்தத் தீர்ப்பு நம் தண்ணீருக்காக வந்தது. தோல் கொடுத்த சோற்றைச் சாப்பிட்டவன் என்பதால்தான் இதை உன்னிடம் அழுத்திச் சொல்கிறேன். அழுக்குத் தண்ணீரை ஒரு பாட்டிலில் சேர், படியவிடு, அகலத் தட்டில் ஊற்றி வெயிலில் வற்றவிடு. மிஞ்சும் கசடை உறையில் கட்டி, ஆபத்தான குப்பையாகத் தனியே கொடு.

எந்த டாங்கியைச் செய்வது என்பதிலும் எனக்கு ஓர் ஆசை உண்டு. இந்தப் பொழுதுபோக்கில் ஜெர்மன் டாங்கிகளே அதிகம். செய்யலாம், தவறில்லை. ஆனால் நீ சென்னைக்குப் போகும் ரயில் ஆவடியைத் தாண்டித்தான் போகிறது. அங்கேயுள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்துதான் 1965-இன் இறுதியில் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. வடிவமைப்பு பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்துடையது. பீரங்கி 105 மில்லிமீட்டர். உன் அளவில் குழாய்த் துளை சரியாக 3 மில்லிமீட்டர். அகலம் மூன்று மீட்டருக்குச் சற்று மேல். உன் மேஜையில் ஏறக்குறைய 9 சென்டிமீட்டர். நீ செய்த டி-72 கூட ஆவடியில் கட்டப்பட்டு ‘அஜேயா’ என்ற பெயரில் நம் ராணுவத்தில் ஓடியதுதான். அர்ஜுன் டாங்கியை வடிவமைத்ததும் ஆவடி ஆய்வு மையமே. அதன் மேம்பட்ட மார்க் 1ஏ வடிவம் 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. விஜயந்தாவுக்குக் கடையில் விற்கும் கிட் பெட்டியைத் தேடி அலையாமல், பிளாஸ்டிக் தகட்டை வெட்டி நீயே கட்டிப் பார். தட்டையான பேட்டர்னிலிருந்து வளைந்த ஷூ அப்பரை எழுப்பத் தெரிந்த உனக்கு, தட்டைத் தகட்டிலிருந்து டரட்டை எழுப்புவது புது வித்தை ஆகாது.

நிறத்தை டப்பாவின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதே. குடியரசு நாள் அணிவகுப்புப் படங்களைப் பார். அங்கே டாங்கி பளிச்சென்று இருக்கும். ராஜஸ்தானில் மகாஜன் பயிற்சிக் களத்தில் ஓடிய டாங்கியின் படத்தை அதன் பக்கத்தில் வை. ஒரே பச்சை, இரண்டு முகம். வாய்ப்புக் கிடைத்தால் மகாராஷ்டிரத்தின் அகமதுநகரில் உள்ள டாங்கி அருங்காட்சியகத்துக்குப் போய் வா. அந்த நகருக்கு இப்போது அகில்யாநகர் என்று பெயர். ராணுவ வளாகத்தின் அருகே மட்டும் கேமராவை எடுக்காதே. சிறிய பொருளில் நிறம் அடர்த்தியாகத் தெரியும் என்பதால், நிஜ நிறத்தில் சற்று வெளிறியதைக் கலந்து அடி. ஷேடு பார்க்கும்போது ஜன்னல் வெளிச்சத்தில் பார், டியூப் லைட்டில் பார்க்காதே.

கீறலும் துருவும் போடும்போது கட்டுப்பாடு வேண்டும். பெயிண்ட் உரிவது எங்கே? பூட்ஸ் மிதிக்கும் இடம், கை பற்றும் கைப்பிடி, மூடி உராயும் விளிம்பு. மற்ற இடத்தில் கீறுவது வெறும் அலங்காரம். வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை போல, வீட்டுக்கு வீடு ராணுவத்தில் இருந்தவர்கள் வாழும் ஊர்கள் உண்டு. டாங்கிப் படையில் வேலை செய்த பெரியவர் ஒருவரைத் தேடிப் போ. எந்தப் பக்கமாக ஏறுவீர்கள், எதைப் பிடிப்பீர்கள், உள்ளே எவ்வளவு சூடாக இருக்கும், டிரைவர் எதைத் துடைப்பார் என்று கேள். எந்தக் கையேட்டிலும் இல்லாத பதில் வரும். 1971 டிசம்பர் 16 அன்று பசந்தர் போரில், எரியும் செஞ்சூரியன் டாங்கியை விட்டு இறங்க மறுத்து உயிர் கொடுத்த அருண் கேதர்பாலுக்கு வயது 21. உன் வயதுதான். நீ வண்ணம் தீட்டும் இரும்புக்குள் மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்ற நினைவு உன் கையை அளவோடு வைக்கும்.

இந்த மாதம் கம்ப்ரஸர் வாங்கு. அடுத்த மாதம் ஏர்பிரஷ். இடைப்பட்ட நாட்களில் ஃபினிஷிங் லேபுக்கு ஒரு முறை போய் வா, விஜயந்தாவின் அளவுகளை 35-ஆல் வகுத்துத் தாளில் வரைந்து முடி. முதல் பூச்சில் அடியிலுள்ள பிரைமர் தெரிந்தால் பயப்படாதே, தெரியத்தான் வேண்டும். மூன்றாவது பூச்சில் மூடிவிடும். முடித்ததும் அடிப்பலகையில் ‘விஜயந்தா, ஆவடி, 1965’ என்று எழுதி, கீழே உன் பெயரையும் ஆம்பூர் என்றும் எழுது. ஷூ அப்பரில் போட முடியாத கையெழுத்தை இதிலாவது நீ போட வேண்டும்.

அன்புடன்,
ஆம்பூரிலிருந்து உன் அண்ணன்