வால்வு சுத்துது, தண்ணி நிக்கலையா?

கேட் வால்வின் பிடி வெறுமனே சுற்றினால் உள்தண்டு உடைந்திருக்கலாம். ஸ்பானர் போட்டு முறுக்காதீங்க, குழாயே முறிந்துவிடும்.

முதலில் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டரிடம் சொல்லி, தெரு வால்வை மூடச் சொல்லுங்கள். காரவள்ளியிலிருந்து பிளம்பர் வருவதானால் 70 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். அதுவரை ஓட விடலாமா? நிமிஷத்துக்கு 1 லிட்டர் போனால் மணிக்கு 60 லிட்டர். 2019-ல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாள் அளவே 55 லிட்டர்தான்!

பிடிக்குக் கீழே லேசாகக் கசிந்தால், அங்குள்ள நட்டைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். புதிதாக மாற்றினால், கால் சுற்றில் மூடும் பால் வால்வு நல்லது. குழாய் அளவைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்க.

மாதம் ஒருமுறை வால்வை மூடித் திறங்கள், இறுகிப் போகாது. குழுக் கூட்டம் நடக்கும் நாளிலேயே செய்தால் மறக்காது.