கம்பி கட்டிய மரம் ஏன் பட்டுப்போகிறது?

2022 டிசம்பர் 9-ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. புயலில் சாய்ந்த இளமரங்களை நிமிர்த்தி, முட்டுக் கொடுத்துக் கட்டுவது செங்கல்பட்டுக் கடலோர உழவர்களுக்குப் பழகிய வேலை. அவ்வாறு கட்டிய கம்பியை அவிழ்க்காமல் விட்டால், மா, முந்திரி, வேம்பு போன்ற மரங்களில் அது பட்டைக்குள் புதைந்து மரத்தையே பட்டுப்போகச் செய்யும். காரணத்தை அறிய, மரத்தினுள் நீரும் உணவும் செல்லும் வழிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீர் ஏறும் வழி

வேர் உறிஞ்சும் நீரும் அதில் கரைந்த சத்துகளும் கட்டைப் பகுதியிலுள்ள நுண்குழாய்கள் வழியே மேலே செல்கின்றன. இதற்குச் சைலம் என்று பெயர். இலைகள் நீரை ஆவியாக வெளியிடும்போது ஏற்படும் இழுவிசையால், நீர் அறுபடாத இழைபோல் மேலேறுகிறது.

உணவு செல்லும் வழி

இலைகள் தயாரிக்கும் சர்க்கரை, உட்பட்டையிலுள்ள புளோயம் வழியே வேர், காய், தளிர் ஆகியவற்றுக்குச் செல்கிறது. கம்பி பட்டையைச் சுற்றிலும் நெரித்தால் வேருக்கு உணவு இறங்காது. ஆனால் கட்டை வழியே நீர் ஏறுவதால் இலைகள் பல வாரங்கள், சில மரங்களில் பல மாதங்கள் கூடப் பசுமையாகவே இருக்கும். அதைக் கண்டு ஏமாறக் கூடாது. சேமிப்பு தீர்ந்ததும் வேர் மடியும். பின்னர் நீரும் ஏறாது. அந்நிலையில் உரமிட்டும் பயனில்லை.

கட்டுக்கு மேலே பட்டை புடைத்திருப்பதே முதல் அடையாளம். இறங்க வழியில்லாத உணவு அங்கே தேங்குகிறது. 17-ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய அறிஞர் மால்பீகி, பட்டையை வளையமாக நீக்கி இப்புடைப்பைக் கண்டறிந்தார்.

தென்னை வேறு வகை

தென்னையில் நீர்க்குழாயும் உணவுக்குழாயும் சேர்ந்த கற்றைகள் தண்டு முழுவதும் பரவியுள்ளன. எனவே வெளிக்காயம் ஒன்றினால் மட்டும் மரம் பட்டுப்போவதில்லை. ஆனால் புதுத் திசுவை உண்டாக்கும் காம்பியம் தென்னையில் இல்லை. ஆகையால், ஏறுவதற்காக வெட்டிய படி ஒருநாளும் மூடி ஆறாது. அக்காயத்தில் சிவப்புக் கூன்வண்டு முட்டையிடும். புழுக்கள் தண்டைக் குடைந்து மரத்தை அழிக்கும்.

செய்ய வேண்டியவை

1. முட்டுக் கொடுக்கும்போது கம்பிக்குப் பதில் தேங்காய் நார்க் கயிற்றைப் பயன்படுத்துங்கள். மரத்தில் படும் இடத்தில் பழைய சாக்கை வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள்.

2. கட்டுகளை அவ்வப்போது தளர்த்தி, மரம் வேரூன்றியதும் அவிழ்த்துவிடுங்கள்.

3. முள்கம்பி வேலியை உயிர்மரத்தில் சுற்றாதீர்கள். தனிக் கம்பம் நடுங்கள்.

4. ஆடுகள் இளமரப் பட்டையைக் கடிக்காமல் அடைப்பு இடுங்கள்.

5. தென்னையில் படி வெட்டாதீர்கள். பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் தண்டிலிருந்து 120 செ.மீ. விட்டு வெட்டுங்கள்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், தை மாதத்தில் ஒருமுறை தோப்பைச் சுற்றிவந்து ஒவ்வொரு கட்டையும் பாருங்கள். பல ஆண்டுகள் வளர்த்த மரத்தை ஒரு முழக் கம்பிக்குப் பலி கொடுக்காமல் காக்கலாம்.